பத்தாவது தோட்டா

மதியம் மூன்று நாற்பது. நவம்பர் மாதத்துக் கடைசி சனிக்கிழமை.

மதியம் என்று சொல்கிறேனே தவிர, நம் பக்கத்தில் அந்த நேரத்துக்கு இருட்டிவிடும். ரஷ்ய எல்லையோரம், குஹ்மோ ஊருக்குக் கிழக்கே, மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாதை. பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கறுப்புச் சதுப்பு. அந்தப் பாதையில் ஒரே ஒரு வண்டி நின்றது... முன்விளக்கு அணைந்திருந்தது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஹெய்மோ. கையுறையைக் கழற்றிவிட்டு, ஹீட்டர் காற்று வரும் துவாரத்தில் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹெய்மோ யார் என்றால், என் நண்பன் ரைமோவின் சித்தப்பா. லேத் பட்டறை வைத்திருந்தவர். இந்தக் கதையை ரைமோ என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவான். அதனால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நடுவில் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். யாராவது அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு அந்தக் கதவைச் சாத்துங்கள்.

சரி.

அன்றைக்கு மூஸ் மான் வேட்டை. குழுவுக்குத் தலைவன் ரைமோ. சதுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பரண்கள், பரணுக்கு ஒரு ஆள். பதினோராம் பரணில் ஹெய்மோ. பன்னிரண்டாம் பரண்தான் கடைசி, சதுப்பின் ஓரத்திலேயே இருப்பது. அதில் கலேவி. ஹெய்மோவின் தங்கை ஹெல்வியைக் கட்டியவர். இரண்டு பேரும் மச்சான், மாப்ளை என்று ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே முப்பது வருடம் ஓட்டியவர்கள். காலையில் பரணுக்குப் பிரியும்போதுகூட அப்படித்தான்.

"மச்சான், மூஸ் வந்தா என் பக்கம் அனுப்பிடு. உனக்குத்தான் கண்ணு தெரியாதே."

"நீ முதல்ல அந்தத் தார் மிட்டாயைத் துப்பு. நாத்தத்துக்கே மூஸ் ரஷ்யாவுக்கு ஓடிடும்."

கலேவி எப்போதும் தார் வாசனை வரும் தொண்டை மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார். சிரித்துக்கொண்டே போனார். ஹெய்மோ அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அந்தக் குழுவில் சைலன்சர் மாட்டாத துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. நம்மிடமும்தான் இல்லை. அதோ, சுவரில் சாய்த்திருக்கிறதே ஏழு, எல்லாவற்றிலும் குழாய் மாட்டியிருக்கிறது. நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன். காது பிழைத்தது, நாய் மிரளுவதில்லை, தோளில் இடி குறைந்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி சத்தமே இல்லாமல் போகாது. சத்தம் சின்னதாகிவிடும். இன்னொன்று... அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

குளிர் தாங்காமல் பரணை விட்டு இறங்கி வந்து வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஹெய்மோவுக்கு அது கேட்டது.

தொப்.

தொப்.

தொப்.

கிளையிலிருந்து பனி கொத்தாக விழுகிற சத்தம் மாதிரி. தூரத்தில் யாரோ விறகுக் கட்டையைத் தரையில் போடுகிற மாதிரி. மூன்று. ஒரே இடைவெளியில்.

மூன்று வெடி என்றால் என்ன என்று நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஆபத்து, வாருங்கள் என்று அர்த்தம். ஹெய்மோ ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். காது கொடுத்தார். ஒன்றும் இல்லை... ஹீட்டர் இரைச்சல்தான். குளிர் உள்ளே வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

நாலு மணிக்கு வாக்கிடாக்கியில் ரைமோ வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தான். நமக்கும் அதே வழக்கம்தான், பரண் எண்ணைச் சொன்னதும் பதில் வர வேண்டும்.

"பத்து?"

"வந்தாச்சு."

"பதினொன்னு?"

"வண்டியில இருக்கேன்."

"பன்னெண்டு?... பன்னெண்டு... கலேவி மாமா, தூங்கிட்டீங்களா?"

கரகரப்பு. பதில் இல்லை.

ஹெய்மோ பட்டனை அழுத்தினார். "பன்னெண்டு வெளிய வந்துட்டான். சௌனா மூட்டப் போயிருப்பான்."

அந்தச் சனிக்கிழமை சௌனா முறை கலேவியுடையது. வேட்டை முடிந்து எல்லோரும் குடிலுக்கு வரும்போது நீராவிக் குளியலறையில் கல் சூடாகியிருக்க வேண்டும். அதனால் முறைக்காரன் கொஞ்சம் முன்னாலேயே பரணை விட்டு இறங்கிவிடுவான். யாரும் தப்பாக எடுப்பதில்லை. கலேவியின் வண்டி ஏரிப் பக்கத்தில் நின்றது, ஹெய்மோ இருந்த இடத்திலிருந்து தெரியாது. போயிருப்பான் என்று நினைத்தார், சொன்னார். நாமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

"சரி, அப்போ எல்லாரும் கிளம்புங்க" என்றான் ரைமோ.

குடிலுக்குப் போனார்கள். புகைபோக்கியில் புகை இல்லை.

டார்ச்சுகளை எடுத்துக்கொண்டு திரும்பவும் காட்டுக்கு ஓடினார்கள். கனமாகப் பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. கால்தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. ரைமோ ஹெய்மோவின் தோளைப் பிடித்துக் கேட்டான்.

"சித்தப்பா, நீங்க பக்கத்துப் பரண்ல இருந்தீங்க. ஏதாவது கேட்டுச்சா?"

ஹெய்மோ வாயைத் திறந்தார். கேட்டது என்று சொன்னால், கேட்டுவிட்டு என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"ஒன்னும் கேக்கல" என்றார்.

கலேவியின் வண்டி நின்ற ஏரிப் பக்கமாகவே இரவு முழுக்கத் தேடினார்கள். காலை எட்டரைக்கு வெளிச்சம் வந்த பிறகுதான் சதுப்புக்குள் போனார்கள். தண்ணீர் வடிவதற்காக எந்தக் காலத்திலோ வெட்டிய கால்வாய் ஒன்று, மேலே பனி மூடிக் கிடந்தது. குறுக்கு வழியாக நடந்த கலேவி அதற்குள் விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. வாக்கிடாக்கி அவருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. போன் வண்டியில், சார்ஜில்.

சுற்றிலும் ஒன்பது காலித் தோட்டாக்கள். மூன்று மூன்றாக.

துப்பாக்கி மடியில் இருந்தது. முனையில் சைலன்சர் அப்படியே இருந்தது. குழாய் முழுக்கக் கத்திக் கீறல். கத்தியின் நுனி உடைந்திருந்தது. உள்ளங்கைத் தோல் குழாயில் ஒட்டி உரிந்திருந்தது. மைனஸ் பதினான்கில் வெறுங்கையால் இரும்பைப் பிடித்தால் அப்படித்தான் ஆகும். குழாயின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவை என்னவென்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவன் கலேவியின் வாயைப் பார்த்தான். பல்.

"ஏன் கழட்டல?" என்று ரைமோ கேட்டான். யாரிடம் என்று இல்லாமல் கேட்டான். "கழட்டிட்டு ஒன்னே ஒன்னு சுட்டிருந்தா குடில் வரைக்கும் கேட்டிருக்குமே. மூணு சுத்துதானே... ஏன் கழட்டல?"

ஹெய்மோவுக்கு மட்டும் தெரியும்.

அந்தத் துப்பாக்கிக் குழலில் சைலன்சரைத் திருகி மாட்ட மரை வெட்டியது அவர்தான். தன் பட்டறையில், தன் லேத்தில். கொஞ்சம் லூசாக வெட்டிவிட்டார். அதனால் சைலன்சர் சுடச் சுடத் தளர்ந்தது. அந்த வருடம் அக்டோபரில் குறி தப்பி ஒரு மூஸ் காயத்தோடு ஓடி, இரண்டு நாள் அலைந்துதான் அதைப் பிடித்தார்கள். கலேவி வந்து பட்டறை மேசையில் துப்பாக்கியை வைத்தார். "மச்சான், உன் வேலை ஆடுது" என்றார். பட்டறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள், சிரித்தார்கள். ஹெய்மோவுக்குச் சுருக்கென்றது. திரும்ப மரை வெட்டினால் முதலில் வெட்டியது தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, மரை கழலாமல் இருக்க ஊற்றுகிற சிவப்புப் பசையில் இரண்டு சொட்டு விட்டுத் திருகினார். அந்தப் பசை இறுகினால் தீயில் காட்டினால்தான் விடும். கையால் முடியாது. எந்தக் கையாலும் முடியாது.

"இப்ப ஆடுதா பாரு" என்று திருப்பிக் கொடுத்தார். பசையைப் பற்றிச் சொல்லவில்லை.

சாவுச் சடங்குக்குப் பிறகு சர்ச் மண்டபத்தில் காப்பி. ஏலக்காய் ரொட்டியை யாரும் தொடவில்லை. கறுப்பு உடையில் ஹெல்வி அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

"அண்ணே, அவரு ஏன் அதைக் கழட்டல?"

"விரல் மரத்திருக்கும்மா. அந்தக் குளிர்ல..."

"பல்லால கடிச்சிருக்காருண்ணே."

ஹெய்மோ கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒன்னு" என்றாள். "போலீஸ்காரங்க ஒன்பதுங்கறாங்க. நான் பத்து போட்டேன். தோல் பையில பத்து ஓட்டை. காலையில நான்தான் ஒவ்வொன்னா செருகினேன். துப்பாக்கியிலயும் இல்ல, பையிலயும் இல்ல, பனியில சலிச்சுப் பாத்தும் இல்ல. பத்தாவது எங்க போச்சு?"

"எண்ணினதுல தப்பிருக்கும்."

"எனக்கு எண்ணத் தெரியும்" என்றாள்.

போலீஸ் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது ஹெல்வி அதை வீட்டில் வைக்க விரும்பவில்லை. ஹெய்மோவின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். அவர் வைத்தார். போல்ட்டைத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதை இரண்டு தடவை பார்த்து, பூட்டினார். குழாயைக் கழற்றிவிடலாம் என்று ஒருநாள் கேஸ் அடுப்புவரை கொண்டுபோனார். பல் பதிந்த இடத்தில் விரல் பட்டது... திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு வருடம். எப்படிப் போனது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லையாம். பட்டறைக்குப் போனார், வந்தார். பட்டாணி சூப் சாப்பிட்டார். உப்பு இருக்கிறதா இல்லையா தெரியாது. கொதிக்கிற காப்பியைக் குடித்துவிட்டு நாக்கில் கொப்புளம் பார்த்தபிறகுதான் சுட்டது என்று தெரிந்தது. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே எதுவுமே அசையவில்லை.

அடுத்த நவம்பர் கடைசி சனிக்கிழமை வந்தது. ஆள் குறைவு, பதினோரு பேர்தான். பன்னிரண்டாம் பரணுக்குப் போக ஒருவனும் வாய் திறக்கவில்லை.

"நான் போறேன்" என்றார் ஹெய்மோ.

"அப்போ பதினொன்னு காலி" என்று ரைமோ எழுதிக்கொண்டான்.

சௌனா முறை? பட்டியலில் அந்த வாரத்துக்கு நேரே இன்னும் கலேவி பெயர்தான் இருந்தது. யாருக்கும் அழிக்க மனம் வரவில்லை. விடியற்காலையில் ஹெல்வி குடிலுக்கு வந்து இறங்கினாள்.

"முறை அவரோடது. நான் மூட்டறேன்."

"அத்தை, உங்களுக்கெதுக்கு இந்த..."

"பொம்பளை மூட்டக் கூடாதுன்னு உங்க சட்டத்துல இருக்கா?"

"இல்ல அத்தை."

"அப்போ வாயை மூடிக்கிட்டு விறகை இறக்கு."

ஹெய்மோ பரணில் ஏறி உட்கார்ந்தார். நாள் முழுக்க ஒரு காக்கைகூட வரவில்லை. மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் கரைய ஆரம்பித்தது. காற்றே இல்லை. அப்போதுதான் அந்த வாசனை.

தார்.

பக்கத்தில் யாரோ கன்னத்தில் ஒதுக்கிச் சப்புகிற மாதிரி... இனிப்பும் தாரும் கலந்த சூடான மூச்சு. ஹெய்மோ திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இல்லையாம். பயம் வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ரைமோவிடம் சொன்னாராம். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

தொப்.

தொப்.

தொப்.

இந்தத் தடவை கண்ணாடியும் இல்லை, ஹீட்டரும் இல்லை. தெளிவாகக் கேட்டது. எழுந்து நின்றார். மூன்று வெடிக்குப் பதில் ஒரு வெடி, அதுதான் வழக்கம். கேட்டுவிட்டது, வருகிறோம் என்று அர்த்தம். துப்பாக்கியை வானத்தைப் பார்த்துத் தூக்கிச் சுட்டார்.

தொப்.

அவருடைய பதிலும் அவ்வளவுதான் கேட்டது.

குழாயைக் கழற்ற மரையைப் பிடித்துத் திருகினார். ஹெய்மோ ஒவ்வொரு வேட்டைக்கும் பிறகு குழாயைக் கழற்றித் துடைத்து வைக்கிறவர். அன்று காலையில்தான் இரண்டு விரலால் மாட்டியிருந்தார். பசை கிசை எதுவும் கிடையாது.

அசையவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பிடித்தார். இரும்பு தோலைக் கவ்விக்கொண்டது. பிய்த்தெடுத்தார், தோல் போனது. வலி இல்லை.

தொப், தொப், தொப்... இடது பக்கமா? பரணிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் நடந்தார். மறுபடி மூன்று... இப்போது வலது பக்கம். நின்றார். திரும்பினார். மறுபடி மூன்று, பின்னால். சைலன்சர் மாட்டிய துப்பாக்கிச் சத்தத்தைத் தேடிப் போகிறவன் இப்படித்தான் சுற்றிக்கொண்டே இருப்பான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் நடந்தார். காலுக்கடியில் பனி உள்வாங்கியது.

அதே கால்வாய். இடுப்பு வரை தண்ணீர். கால் ஏதோ வேரில் மாட்டி முழங்காலில் மடக்கென்றது.

வாக்கிடாக்கி மார்புப் பையில் பத்திரமாக இருந்தது, ஆனால் பேசுகிற பட்டன் உறைந்துபோய் இறங்கவில்லை. கேட்கத்தான் முடிந்தது. மூன்று சுட்டார். காத்திருந்தார். மூன்று சுட்டார். எல்லாம் தொப்... தொப்... கத்தியை எடுத்து மரையில் நெம்பினார். பிறகு என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும். வாயில் இரும்பு ருசியும் ரத்த ருசியும் வந்தபோதுதான் பல்லால் கடித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. கடைசி மூன்றையும் சுட்டார். பத்தும் தீர்ந்தது.

நாலு மணி. வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஒன்பது?"

"வந்தாச்சு."

"பத்து?"

"வந்தாச்சு. பசிக்குது, சீக்கிரம் முடிப்பா."

"பன்னெண்டு?... சித்தப்பா... பன்னெண்டு?"

ஹெய்மோ கத்தினார். இருக்கேன், கால்வாயில இருக்கேன் என்று தொண்டை கிழியக் கத்தினார். பட்டன் இறங்கவில்லை.

அப்போது யாரோ பதில் சொன்னார்கள்.

"பன்னெண்டு வெளிய வந்துட்டான். சௌனா மூட்டப் போயிருப்பான்."

அவருடைய குரல். ஹெய்மோவின் சொந்தக் குரல். அதே இழுப்பு, அதே அலுப்பு. பின்னால் வண்டி ஹீட்டரின் இரைச்சல்கூடக் கேட்டது.

"சரி, அப்போ எல்லாரும் கிளம்புங்க" என்றான் ரைமோ.

வாக்கிடாக்கி அடங்கியது. பனி விழ ஆரம்பித்தது. ஹெய்மோ கத்துவதை நிறுத்தினார். மாப்ளை இங்கேதான் உட்கார்ந்திருந்தான், இதே குரலைத்தான் கேட்டிருப்பான் என்று நினைத்தார். வாக்கிடாக்கி நசுங்குவதற்கு முன்னால் கேட்டானோ, நசுங்கிய பிறகும் கேட்டானோ... இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தெரியவில்லை. தூக்கம் வந்தது. நல்ல தூக்கம்.

தார் வாசனை மிக அருகில் வந்தது.

வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு முழம்கூட இருக்காது... வெடித்தது.

குழாய் இல்லாத வெடி. அப்படி ஒன்றை அவர் கேட்டுப் பதினைந்து வருடம் இருக்கும். மரங்களிலிருந்த பனி மொத்தமும் கொட்டியது. கந்தக வாடை முகத்தில் அடித்தது. சத்தம் ஏரிவரை போய், அக்கரை மலையில் இடித்து, திரும்பி வந்தது. பிறகு அந்தக் காதில் ஊய் என்று ஒரு ஒலி தவிர வேறெதுவும் இல்லை. இன்றைக்கும் அந்தக் காது அவருக்குக் கேட்காது.

குடிலில் ஹெல்வி சாம்பலைக் கொட்ட வெளியே வந்திருந்தாள். கேட்டாள். அப்படியே நின்றாள். பத்து நிமிடத்தில் வண்டிகள் வந்து சேர்ந்தன.

"யாருடா அது குழாய் இல்லாம சுட்டது?"

"நம்மகிட்ட ஏது அத்தை அந்த மாதிரி? நாங்க எஞ்சினை ஓடவிட்டு நாயை ஏத்திக்கிட்டு இருந்தோம், ஒன்னும் கேக்கல."

"அண்ணன் எங்க?"

"பன்னெண்டுதானே? அவரே சொன்னாரே. வெளிய வந்தாச்சு, சௌனா மூட்டப்..."

ரைமோ பாதியில் நிறுத்திவிட்டான். சௌனாப் புகைபோக்கியில் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மூட்டியவள் சாம்பல் வாளியோடு எதிரே நின்றாள்.

"எந்தப் பக்கம் கேட்டுச்சு அத்தை?"

ஹெல்வி கையை நீட்டிக் காட்டினாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. நேராகப் போனார்கள். ஐந்து மணிக்குள் ஹெய்மோவைத் தூக்கிவிட்டார்கள்.

அவர் கட்டிப் பிடித்திருந்த துப்பாக்கியை ரைமோதான் எடுத்தான். குழாயில் கீறல், பல் தடம், ரத்தம். காரணமில்லாமல் இரண்டு விரலால் திருகிப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. சாதாரணமாகக் கழன்று கையில் வந்தது.

முழங்காலில் கட்டுப்போட்டு மறுநாள் மாலை ஹெய்மோவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சமையலறையில் ஹெல்வி காப்பி வைத்தாள். ரைமோ கதவருகே நின்றான்.

"அண்ணே, அந்த ஒன்னை நீயா சுட்டே?"

"நான் பத்து சுட்டேன். பத்தும் குழாயோட."

"அப்போ நான் கேட்டது?"

ஹெய்மோ சொன்னார். ஒரு வருடம் கழித்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னார். லூசான மரை. இரண்டு சொட்டுப் பசை. "அவனால கழட்டியிருக்கவே முடியாது ஹெல்வி. விரல் மரக்கல. நான்தான் ஒட்டிட்டேன்." பிறகு வண்டிக்குள் கேட்ட சத்தத்தையும் சொன்னார்.

குளிர்பதனப் பெட்டி உறுமி நின்றது.

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு."

"மூணா?"

"மூணு."

"கண்ணாடியை இறக்கினியா?"

"ரெண்டு விரல் அளவு."

"அப்புறம்?"

"குளிருச்சு. ஏத்திட்டேன்."

ஹெல்வி எழுந்து, குடிக்காத காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அலமாரியைத் திற" என்றாள்.

ஹெய்மோவால் எழ முடியவில்லை. கழுத்துச் சங்கிலியிலிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தார். ரைமோ திறந்தான். கதவைத் திறந்ததுமே கந்தக வாடை குப்பென்று வந்தது.

கலேவியின் துப்பாக்கி வைத்த இடத்தில்தான் நின்றது. முனையில் குழாய் இல்லை. மரை சுத்தமாக, எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரி பளபளத்தது. சிவப்புப் பசையின் பொட்டுக்கூட இல்லை. குழாய் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது, பல் தடம் மேலே தெரிய.

ஹெல்வி துப்பாக்கியை வெளியே எடுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்தாள்.

டிங்.

காலித் தோட்டா ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, ஹெய்மோவின் நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"பத்துன்னு சொன்னேன்ல" என்றாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. ஹெய்மோ பட்டறையை மூடிவிட்டார். ரைமோவும் இப்போது வேட்டைக்கு வருவதில்லை, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்களே ஏன் என்று.

இன்னும் ஒன்றே ஒன்று. இந்தக் கதையை அவன் எனக்குச் சொன்னது இந்த செப்டம்பரில். அதற்கு முந்தின நாள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தானாம். ஹெல்வி கோட்டுப் பைக்குள் கைவிட்டு அந்தத் தோட்டாவை எடுத்து மேசையில் வைத்து, "தொட்டுப் பாரு" என்றாளாம். சொல்லிவிட்டு ரைமோ எனக்கு வலது கட்டைவிரலைக் காட்டினான். நகத்துக்குக் கீழே வட்டமாக ஒரு தீக்காயம். அப்போதுதான் கொப்புளித்திருந்தது.

அந்தத் தோட்டா வெடித்து வரும் நவம்பரோடு மூன்று வருடம் ஆகிறது.